அலமாரியில் ரெண்டு பாக்கெட்

— மெதுவாப் பேசுடி. பக்கத்து நாற்காலிக்காரர் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கார்.

— மெதுவாத்தான் கேக்கிறேன். போன தடவை டாக்டரம்மா கேட்டப்போ, மாசாமாசம் சரியா வருதுன்னு ஏம்மா சொன்னே?

— வருதே!

— வரல. உனக்கு நின்னு போய் ஒரு வருஷம் இருக்கும்.

— அடிப்பாவி! யாருடி சொன்னது?

— சும்மா உக்காந்திருக்கும்போதே உனக்குக் குப்புன்னு வேர்க்குது. உப்புப் பெறாத விஷயத்துக்கு அப்பா மேல எரிஞ்சு விழறே, அப்புறம் நீயே அழறே. புத்தகத்துல இருக்கும்மா. சினைப்பை ஓய ஆரம்பிச்சா ஹார்மோன் சுரக்கிறதும் குறைஞ்சிடும், எலும்பு வரைக்கும் பாதிக்கும். உண்மையைச் சொன்னாத்தானே முழங்காலுக்குச் சரியான மருந்து குடுப்பாங்க?

— ஆமா, பெரிய டாக்டர் இவ! உங்கப்பா இப்பவே என் நரையைப் பாத்துக் கிண்டல் பண்றார். இதுவும் தெரிஞ்சா கிழவின்னே கூப்பிடுவார். அதான் மாசம் தவறாம ரெண்டு பாக்கெட் நாப்கின் வாங்கி அலமாரியில வைக்கிறேன். உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. என்னோடதை ஒவ்வொண்ணாக் காகிதத்துல சுருட்டிக் குப்பையில போடறப்போ வயிறெரியும், போ.

— எனக்கும்தான்.

— உனக்கு எதுக்குடி எரியணும்?

— நானும் அப்படித்தான் போடறேன்.

— என்னடி உளர்றே? எட்டாவது படிக்கிறப்போ வயித்து வலின்னு வந்து படுத்தியே! யார்கிட்டயும் சொல்லாதேன்னு கெஞ்சினியே!

— வகுப்புல எல்லாருக்கும் ஆயிடுச்சு. நீயும் தினம் என் முகத்தையே பாத்துட்டிருந்தே. எப்படியும் சீக்கிரம் வந்துடும்னு ஒரு பொய் சொல்லிட்டேன். வரவே இல்லம்மா. அடுத்த மாசம் எனக்குப் பதினேழு முடியப் போகுது.

— பதினேழா!

— அம்மா, அப்படிப் பாக்காதே. திட்டவாவது செய். எனக்குப் பயமா இருக்கு.

— என் தங்கமே… ஒரே வீட்டுல இருந்தும் பெத்தவளுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? என் வயசை மறைக்கிறதுலயே இருந்துட்டேனே. கையைக் குடு.

— உன் கை வேர்க்குதும்மா.

— வேர்த்தா வேர்க்கட்டும். குடு.

— முழங்கால் வலின்னு வந்திருக்கிற அம்மா யாரு? டாக்டர் கூப்பிடறாங்க, வாங்க.

— முழங்கால் கிடக்கட்டும் நர்ஸம்மா. அந்தச் சீட்டுல என் பேரை அடிச்சிட்டு, இவ பேரை எழுதிக்கோங்க.