பக்கிரிசாமியின் மௌனத்துக்கு ஐந்து காரணங்கள்

எனக்குப் படிக்கிற பழக்கம் உண்டு. மெர்போக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் டிரெசராக இருந்தேன். புண்ணுக்குக் கட்டுப்போட்டு, மருந்து கலக்கிக் கொடுத்த நேரம் போக வேறு பொழுதுபோக்கு இல்லை. ஜப்பான்காரன் வருகிறான் என்று டாக்டர் துரை ஓடியபோது விட்டுப்போனவற்றில் மனநூல் ஒன்று இருந்தது. சண்டை முடிந்து இப்போது விசாரணை என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். அந்தப் புத்தகத்திலிருந்தே தொடங்குகிறேன்.

மனிதன் ஏன் இப்படி நடக்கிறான் என்று அதில் ஐந்து கட்சிக்காரர்கள் வாதாடுகிறார்கள். சின்ன வயதில் பட்டதுதான் காரணம் என்கிறான் ஒருவன். பரிசு கிடைத்ததைத் திரும்பச் செய்வான், உதை கிடைத்ததை விட்டுவிடுவான் என்கிறான் அடுத்தவன். மூளையும் நரம்பும் செய்கிற வேலை என்கிறான் மூன்றாமவன். கண்டதற்கு அவன் கொள்ளும் அர்த்தம் என்கிறான் நாலாமவன். ஐந்தாமவன் கறாரானவன். எது எப்படியிருந்தாலும் மனிதன் தானே தேர்ந்தெடுத்துத்தான் செய்கிறான், அவனே பொறுப்பு என்கிறான்.

பக்கிரிசாமி மரம் சீவுகிறவன். ஆஸ்பத்திரிக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தபோது என் கட்டிலுக்கடியில் இருந்த கொயினா டப்பாவை, மலேரியாக் காய்ச்சல் மாத்திரையை, பார்த்துவிட்டான். மருந்து தீர்ந்துவிட்டது என்று தோட்டத்துக்கே சொல்லியிருந்தேன். அந்த மாதம் தொழிலாளர் லயத்தில் மூன்று குழந்தைகள் காய்ச்சலில் போயின. டிரெசரே செத்துப்போனால் யாருக்கு லாபம், சொல்லுங்கள்.

மறுவாரம் எனக்கே காய்ச்சல் கண்டது. எழுந்து வந்து பார்த்தால் பக்கிரிசாமி என்னோடு பேசுவதில்லை. கும்பிடுவான், போய்விடுவான். ஜப்பான் சிப்பாய் ஒருவன் அவனுக்குச் சிகரெட் கொடுத்ததையும் கண்ணால் பார்த்தேன். மருந்து பதுக்கினால் தலை போகிற காலம். புத்தகத்தை எடுத்தேன். அப்பன் அடித்து வளர்த்தவன், சிகரெட் ருசி கண்டவன், காட்டிக்கொடுக்கத் தீர்மானித்துவிட்டவன். இப்படியே ஐந்தும் பொருந்தின. அவன் கையில் மஞ்சள் கயிறு இருந்தது. அதைப் பற்றிப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை.

சயாம் ரயில் பாதை போடும் வேலைக்கு ஜப்பான்காரர்கள் இருபது பேர் கேட்டார்கள். உடம்பைச் சோதிப்பது என் வேலை. அவன் வயிற்றை அழுத்தினேன். மலேரியா முற்றி மண்ணீரல் தொப்புள்வரை கல்லாக இறங்கியிருந்தது. என்னையே பார்த்தான், வாய் திறக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன். திடகாத்திரம் என்று எழுதினேன்.

லோரி கிளம்பும் முன் அவன் மனைவி அழகம்மா ஓடிவந்தாள்.

"டிரெசரய்யா, அவரு பேசமாட்டாரு, நான்தான் சொல்லணும். நீங்க காய்ச்சல்ல கெடந்தீங்கள்ல, பொழைச்சு எந்திரிக்கணும்னு ஆத்தாகிட்ட நேர்ந்துகிட்டாரு. காப்புக் கட்டியாச்சு, திருவிழா முடியிற வரைக்கும் வாயத் தொறக்கமாட்டாரு. ஒடம்புக்கு முடியாத மனுசன்லா. ஒரு வார்த்த சொல்லி எறக்கிவிடுங்கய்யா."

"பார்க்கிறேம்மா" என்றேன்.

பேனா சட்டைப்பையில்தான் இருந்தது. எழுதியதை அடித்தால் ஜப்பான்காரன் ஏன் என்று கேட்பான், ஆஸ்பத்திரியைக் குடைவான். என் காய்ச்சலைத் தீர்த்தது ஆத்தா அல்ல, டப்பா மாத்திரை என்பதும் வெளியே வரும். பக்கிரிசாமி லோரியிலிருந்து என்னைக் கும்பிட்டான். திருவிழா முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது.

அவன் திரும்பவில்லை. எனக்கும் வருத்தம்தான். ஆனால் என் அப்பாவும் அடித்தார். பயம் என்னைப் பழக்கியது. காய்ச்சல் நரம்பைத் தளர்த்தியிருந்தது. மௌனத்தைத் தப்பாக அர்த்தம் செய்துகொண்டேன். நாலு கட்சியும் என் பக்கம்தான் பேசுகின்றன.

ஐந்தாவதைக் கேட்கிறீர்கள். அது பக்கிரிசாமி போன்றவர்களுக்காக எழுதியது.