கண்டக்டரின் காது

மனிதர்களைவிட நாய்களுக்கு எக்ஸ்ரே எடுப்பது எளிது. மயக்க ஊசி போட்டால் அசையாமல் கிடக்கும். படம் எடுத்து முடிந்ததும் என்ன தெரிகிறது என்று எழுந்து உட்கார்ந்து கேட்காது. முன்பு திருச்சியில் மனிதர்களுக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். புதுக்கோட்டையில் இந்தத் தனியார் கால்நடை ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான் வேலை எனக்குப் பொருந்தியது, சார்.

நாயின் காதுக்குழாய் ‘ட’ எழுத்தைப் போன்றது. நேராகக் கீழே இறங்கி, பிறகு உள்பக்கமாகத் திரும்பும். அது முடியும் இடத்தில் ஜவ்வு. ஜவ்வுக்குப் பின்னால் எலும்பாலான ஒரு குமிழ்; படத்தில் முட்டை ஓடு மாதிரி மெல்லிய வெள்ளை வட்டமாகத் தெரியும். நாயை எவ்வளவு ஓங்கி அறைந்தாலும் காற்று அந்த வளைவில் தடுமாறிவிடும். மனிதக் காது அப்படியில்லை. கிட்டத்தட்ட நேர்க்குழாய். உள்ளங்கை சரியாகப் பொருந்தினால் போதும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை.

என் மனைவி செவந்திக்கு இரண்டு காதும் போனது அப்படித்தான். கூப்பிட்டால் திரும்புவதில்லை, அதனால் கை ஓங்கினேன் என்று அவளுடைய அண்ணன் ஆனந்தராஜிடம் சொல்லியிருந்தேன். வரிசை அதுவல்ல. கை முதலில், காது பிறகு. அவள் என்னை விட்டுவிட்டுக் கீரனூரில் திருச்சி ரோட்டை ஒட்டி ஒரு வீடு பிடித்தாள். தனியாகத் தையல் வேலை பார்த்தாள். ஒரு நாட்டு நாயை வளர்த்தாள்.

நான் இருமுறை அங்கே போனேன். கேட்டின் கொண்டியைத் தொட்ட உடனே வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து உள்ளே ஓடி, மெஷினில் உட்கார்ந்திருந்தவளின் முட்டியில் முட்டியது. நான் முற்றத்தைக் கடப்பதற்குள் அவள் கம்பிக்கதவைப் பூட்டிவிட்டாள்.

“அங்கிட்டே நில்லுங்க. ஒரு அடி வச்சாலும் எங்கண்ணனுக்குப் போன் போட்டுருவேன்.”

“பேசத்தான் வந்தேன்” என்றேன், அவளுக்குப் புரியும்படி வாயை நன்றாக அசைத்து.

“பேசுனா எனக்கு எங்க கேக்குது? அதத்தான் நீங்க முன்னாடியே பாத்துக்கிட்டீங்களே.”

இரண்டாவது முறையும் அப்படியே பூட்டினாள். கம்பிக்குப் பின்னால் நின்று நாயும் அவளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு புருஷன் தன் மனைவியைப் பார்க்க ஒரு நாயின் அனுமதி வேண்டும் என்பதை நீங்களும் ஒப்புக்கொள்ளமாட்டீர்கள்.

போன மாசி மாதம் அந்த நாய் எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தது. நான் அங்கே வேலை பார்ப்பது அவளுக்குத் தெரியாது. எக்ஸ்ரே அறைக்குள் இருந்தபடியே அவள் குரலைக் கேட்டேன். காது கேட்காதவர்கள் வாயசைவைப் பார்த்துப் பதில் சொன்னாலும் கொஞ்சம் உரக்கப் பேசுவார்கள்.

“பேரு என்னக்கா?” என்று டாக்டர் இனியா கேட்டார்.

“கண்டக்டருங்க. ஆள் ஏறுனா எறங்குனா சொல்லும்ல. ரெண்டு காதுலயும் சீழா வருது டாக்டர். எப்படியாச்சும் சரி பண்ணிக் குடுத்துருங்க. எனக்கு இதுதான் காது.”

டாக்டர் சிரித்தார். “அப்படி யாருக்கா வரப் போறா ஒங்க வீட்டுக்கு?”

“வரக் கூடாதவங்கதான்.”

நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

காது உள்ளே வீங்கியிருந்ததால் டாக்டருக்கு ஜவ்வு தெரியவில்லை. ஜவ்வு முழுசாக இருந்தால் ஒரு வகைச் சொட்டு மருந்து, கிழிந்திருந்தால் வேறு வகை. முதல் மருந்து கிழிசல் வழியாக உள்காதுக்கு இறங்கினால் கேட்கும் நரம்பு செத்துப்போகும். அதைத் தெரிந்துகொள்ள, எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் ஒரு திரவத்தைக் காதில் ஊற்றிப் படம் எடுப்போம். ஜவ்வு இருந்தால் வெள்ளை அங்கேயே நிற்கும். கிழிந்திருந்தால் குமிழுக்குள் போய்விடும்.

ஊற்றிய உடனே ஒரு படம் எடுத்தேன். இரண்டு பக்கமும் வெள்ளை ஜவ்விலேயே நின்றது. பிறகு முறைப்படி காதின் அடியை மெதுவாகப் பிசைந்துவிட்டு இன்னொரு படம் எடுத்தேன். இரண்டு குமிழ்களும் வெள்ளையாக நிறைந்திருந்தன. நான் எடுத்தவற்றில் அவ்வளவு தெளிவான படம் வேறு இல்லை. அதை அழித்தேன். முதல் படம் பொய்யல்ல. கொஞ்சம் அவசரமாக எடுத்தது, அவ்வளவுதான்.

வெளியே கன்று போட முடியாமல் ஒரு மாடு டாக்டருக்காகக் காத்திருந்தது. அவர் அந்த முதல் படத்தை எட்டிப் பார்த்தார். “ஜவ்வு நல்லாருக்குல்ல ரகு அண்ணே?”

“நல்லாருக்கு டாக்டர்.”

அந்த முதல் மருந்தையே எழுதிக் கொடுத்தார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

பங்குனியில் ஒருநாள் டீ குடிக்கும்போது அவரே சொன்னார். “அந்தக் கீரனூர் நாய்க்குக் காது சுத்தமாக் கேக்கலையாம் அண்ணே. ஏன்னுதான் தெரியல. வேற நாய் வளக்கட்டுமான்னு அந்தக்கா கேட்டாங்க. ஒரு வாரம் பொறுங்க, நல்ல குட்டியா நானே பாத்துத் தாரேன்னேன்.”

ஆகவே நான் தாமதிக்கவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு மத்தியான பஸ்ஸில் போனேன். கொண்டியை வேண்டுமென்றே இரண்டு முறை தட்டினேன். வாசலில் தூங்கிக்கொண்டிருந்த நாயின் காதுமடல்கூட அசையவில்லை. அதைத் தாண்டி உள்ளே போனேன். அவள் எனக்கு முதுகு காட்டி, பச்சைத் துணி ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. நான் கையில் எதுவும் கொண்டுபோகவில்லை. இது திட்டமிட்டது அல்ல என்பதற்கு அதுவே சான்று.

அந்த டேப்பைத்தான் பயன்படுத்தினேன். நீண்ட நேரம் ஆகவில்லை.

தரையில் மெஷினின் அதிர்வு நின்ற பிறகுதான் நாய் விழித்தது. உள்ளே வந்து பார்த்துவிட்டுக் குரைக்கத் தொடங்கியது. தான் குரைப்பது தனக்கே கேட்காததால் அதற்கு நிறுத்தத் தெரியவில்லை. அந்தச் சத்தத்தில்தான் பக்கத்து வீட்டார் வந்தார்கள். நான் ஓடவில்லை.

இன்னொன்று, சார். நான் அவளைக் கூப்பிட்டேன். பின்னால் நின்று, கோபமே இல்லாமல், பேர் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டேன். அதை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு தடவையாவது அவள் திரும்பியிருந்தால், நான் பேசிவிட்டு வந்திருப்பேன்.