தேங்காயளவு மடியும் காற்சட்டை

"தேங்காயளவுக்கு மடியும், பையிலை வைக்கலாமெண்டுதானே பழசை வாங்கினனான்."

கிளென்ஃபீல்டுக்குப் போகும் பஸ்ஸில், முன் இருக்கையிலிருந்து இந்தக் குரல் வந்தது. எண்பதுகளின் ஆக்லாந்தில் பஸ்ஸில் தமிழ் கேட்பதே அபூர்வம், காதைக் கொடுத்தேன். கணவனும் மனைவியும். கணவரின் மடியில், பஞ்சு வைத்துத் தைத்த புதுக் காற்சட்டை ஒன்று கடைப் பையிலிருந்து பாதி வெளியே கிடந்தது.

"பழசும் நல்ல சூடுதானே. பிறகேன் போன முறை பனிமலையிலை குளிரேக்கை அதை எடுத்துப் போடேல்லை?"

"அதுக்குப் பக்கத்திலை இழுத்துத் திறக்கிற சிப் இல்லை. போடுறதெண்டா காலிலை பூட்டின ஸ்கீயையும் கழட்டி, சப்பாத்தையும் கழட்ட வேணும். வேலையிடத்து ஆக்கள் மூண்டு பேரும் அந்தக் காத்துக்குள்ள எனக்காகக் காத்துக்கொண்டு நிண்டவை."

"நிண்டா நிக்கட்டுமன்."

"வெக்கமாக் கிடந்தது. எனக்குக் குளிரேல்லை, நடவுங்கோ எண்டு சொல்லிப்போட்டன்."

"இதை இப்பதான் சொல்லுறியள்."

"பாதி வழியிலை கால் விறைச்சுப்போச்சு. அவையள் உச்சிக்குப் போகாமல் என்னைத் தாங்கிக்கொண்டு இறங்கினவை."

அவர் புதுக் காற்சட்டையின் சிப்பை இடுப்பிலிருந்து கணுக்கால் வரை திறந்து, மறுபடி மூடினார்.

"இதுக்கு ரெண்டு பக்கமும் சிப். சப்பாத்தோடையே போடலாம்."

"இந்த முறை அவையள் உங்களைக் கூப்பிட்டவையோ?"

"இல்லை. போன கிழமை போயிட்டு வந்திட்டினமாம்."

"அப்ப இது என்னத்துக்கப்பா?"

"கூப்பிட்டா ஆயத்தமா இருக்க வேணுமெல்லே."