ஜாக்கிக்கு வைத்த சோறு

சாமி, எங்கள் வீட்டில் வெங்காயம் எப்போதும் கொஞ்சம் அதிகமாகத்தான் செலவாகும். பேசிலுக்கு அது பிடிக்கும். நன்றாகச் சிவக்க வதக்கி மாட்டுக் கொழுப்பில் புரட்டி வைத்தால், வேறு கறி கேட்க மாட்டார்.

என் புருஷனை உங்களுக்குத் தெரியும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வரிசை வீட்டுக்கு வந்து அவருக்கு நற்கருணை கொடுத்திருக்கிறீர்கள். யார்டில் ரயில் பெட்டிகளைக் கோக்கும்போது மண்டையில் அடிபட்டது. அதிலிருந்து வலிப்பு. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அரிசி களைந்துகொண்டிருப்பேன், தலை பின்னிக்கொண்டிருப்பேன், உள்ளே தொம்மென்று சத்தம் கேட்கும். போட்டது போட்டபடி ஓடுவேன். வருஷக்கணக்காக நான் எதையும் முழுதாகச் செய்து முடித்ததில்லை. தூக்கத்தில்கூட ஒரு காது திறந்தே இருக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் நல்ல மனுஷர். ஒரு நாளும் கை ஓங்கியதில்லை.

ஜாக்கி அவர் வளர்த்த நாய். ஒரு நாள் நான் வரிசைக் கோடியில் உள்ள குழாயடிக்குப் போயிருந்தபோது, அவர் வலிப்பு வந்து, குளிக்கும் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்துவிட்டார். ஜாக்கி பக்கத்து வீட்டுக் கதவைப் பிறாண்டி மகதலேனாவைக் கூட்டி வந்திருக்கிறது. நான் குடத்தோடு வந்தபோது அவரைத் தரையில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"மேரி, ஒன் புருஷன் உசுரு இந்த நாய் வாயிலதான் இருக்கு. பத்திரமா பாத்துக்கோ" என்றாள்.

எல்லாரும் நாயைத் தடவிக் கொடுத்தார்கள். நானும் தடவினேன். எனக்குச் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இடுப்பிலிருந்த குடத்தை இறக்கி வைக்க வேண்டும் என்பதுகூட மறந்து நின்றேன்.

ஜாக்கியைப் பார்க்கக் கிளாரன்ஸ் வந்தான். துரை வீட்டில் நாய்களைப் பார்த்துக்கொள்பவன். எலும்பு கொண்டு வந்திருந்தான்.

"அக்கா, மிச்சச் சோறு போடுங்க, பரவால்ல. வெங்காயம் போட்ட கறி மட்டும் வேணாம்லா. நாய்க்கு ரத்தம் செத்துப் போவும். சாக்லேட்டும் ஆகாது. எங்க துரை வீட்டுல ஒண்ணு துணிப்பெட்டியில இருந்த பூச்சி உருண்டைய முழுங்கிட்டு, துடிச்சே செத்துச்சு."

பூச்சி உருண்டை என் பெட்டியிலும் இருந்தது. அதை நான் தொடவில்லை. விஷம் வைக்கும் பெண் நான் இல்லை, சாமி. நாங்கள் சாப்பிட்டதைத்தான் அதற்கும் வைத்தேன். வெங்காயத்தை மட்டும் அதன் பங்கில் கொஞ்சம் கூடுதலாகப் போட்டேன். கொழுப்பு வாசனைக்கு வாலை ஆட்டிக்கொண்டு வந்து சாப்பிட்டது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு படி ஏறும்போது நின்று நின்று ஏறியது. சிறுநீர் காப்பி நிறத்தில் போனது. அதுவும் என்னைப் போலக் களைத்துப்போய்ச் சுவரோரம் படுத்திருந்தது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"ஈறப் பாரு மேரி, வெளுத்துப் போச்சு. சோத்தத் திரும்பியும் பாக்க மாட்டேங்குது" என்றார் பேசில். "எனக்கு ஊட்டுறியே, அதுக்கும் கொஞ்சம் ஊட்டி விடேன்."

ஊட்டினேன். அவர் கேட்டு நான் மாட்டேன் என்று சொன்னதில்லை. நன்றாக மசித்து, உருண்டை உருண்டையாக வாயில் வைத்தேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்கியது.

அது செத்த பிறகு பேசில் இரண்டு வேளை சாப்பிடவில்லை. "நீ வெளிய போனா எனக்கு ஒரு குரல் குடு மேரி, நான் வந்து ஒக்காந்துக்கிறேன்" என்றாள் மகதலேனா. சரி என்றேன். குரல் கொடுக்கவில்லை. அவளுக்கும் வீட்டு வேலை இருக்கிறதே.

காலையில் பேசிலைத் தொட்டி ஓரம் உட்கார வைப்பேன். தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி வைப்பேன். பிறகு குழாயடிக்குப் போவேன். தினமும் அப்படித்தான். பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வந்தால் ஈரத் தலையோடு என்னைப் பார்த்துச் சிரிப்பார். நானும் துவட்டி விடுவேன்.

போன செவ்வாய்க்கிழமை, மகதலேனா பாசாருக்குப் போவதைப் பார்த்துவிட்டுத்தான் குடத்தை எடுத்தேன். குழாயடியில் நிற்கும்போது எங்கள் வீட்டுப் பக்கம் வாளி உருளும் சத்தம் கேட்டது. அவர் விழும்போது கேட்கும் அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். அப்போது என் முறை வந்திருந்தது. பின்னால் மாரியாயி கைக்குழந்தையோடு நின்றாள். "நீ மொதல்ல புடி தாயி" என்று விலகிக்கொண்டேன். அவளுக்குப் பின்னால் நின்றவர்களையும் விட்டேன். "சாந்தமேரி அக்காவுக்கு இன்னிக்கு அவசரமே இல்ல போல" என்று ஒருத்தி சிரித்தாள். உண்மைதான். அவ்வளவு வருஷத்தில் அன்றுதான் எனக்கு அவசரமில்லை. குடத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். வழியில் நிழலில் இறக்கி வைத்து, நின்று இளைப்பாறினேன்.

பேசிலைப் பற்றி இந்தப் பாவசங்கீர்த்தனத்தில் நான் சொல்ல ஒன்றுமில்லை, சாமி. அது தேவ சித்தம். நான் தண்ணீருக்குப் போயிருந்தேன், அவ்வளவுதான். அவர் ஆத்துமாவுக்குப் பூசைக்கும் சொல்லிவிட்டேன். நாயை நான்தான் கொன்றேன். அந்த ஒரு பாவத்துக்கு மட்டும் அபராதம் கொடுங்கள், செய்துவிடுகிறேன்.