ஜிப்புலதான் கோளாறு

இல்ல சார், நான் தெரியாமத்தான் கேக்குறேன்... ஒரு மனுஷன் தொப்பைய வளக்குறதும் கொறைக்கிறதும் அவன் சொந்த விஷயம். இதுல நடுவுல ஒரு கோச்சு எதுக்கு சார்? நேரா நில்லுங்க. கையக் கொஞ்சம் தூக்குங்க. மூச்ச உள்ள இழுக்காதீங்க சார், டேப்ப ஏமாத்தலாம், பேன்ட்ட ஏமாத்த முடியாது. விடுங்க... இன்னும் விடுங்க... ஆங், அதேதான்.

அளவா? சொல்றேன் சார். என்ன அவசரம், ரயிலா போகுது?

ரயிலுன்னதும்தான் ஞாபகம் வருது. கோச்சுன்னா எனக்குத் தெரிஞ்சது ரயில் பெட்டிதான். இது ஹெல்த் கோச்சாம்! எங்க மச்சான், அதான் என் பொண்டாட்டியோட அண்ணன், பஸ் டிரைவரு. அவங்க கம்பெனியில டிரைவருங்களுக்கு ஒடம்பப் பாத்துக்கச் சொல்லிக் குடுக்கன்னே ஒரு அம்மாவ வச்சிருக்காங்க. வாரத்துக்கு ஒரு நாள் டிப்போவுக்கு வந்து ஒவ்வொருத்தரா உக்கார வச்சுப் பேசும். பேருதான் கோச்சு, ஆனா கோச்சுக்கவே தெரியாது சார் அதுக்கு! நீ சொன்னத நான் செய்யலன்னு சொல்லிப் பாருங்க, சிரிக்கும். "பரவாயில்லண்ணா, இந்த வாரம் உங்களால முடிஞ்ச சின்ன விஷயம் ஒண்ணு, நீங்களே சொல்லுங்க"ன்னு கேக்கும். அவ்வளவுதான் வேல! இதுக்கு ஒரு படிப்பு, ஒரு சர்டிபிகேட்டு, கழுத்துல ஒரு அடையாள அட்ட.

மச்சான் என்ன சொன்னாரு தெரியுமா? "டீக்கு மூணு கரண்டி சக்கரைய ரெண்டாக்குறேன்." அந்தம்மா கை தட்டிச்சாம் சார்! ஒரு கரண்டிக்கு கைதட்டு! நூறு கிலோவுக்கு மேல இருப்பாரு மனுஷன், அதுல ஒரு கரண்டி போனா என்ன, வந்தா என்ன?

அடுத்த வாரம் பிஸ்கட்டு. ஸ்டியரிங் பக்கத்துலயே எப்பவும் ஒரு பாக்கெட்டு வச்சிருப்பாரு, கை பாட்டுக்குப் போயி எடுக்கும். அத பஸ்ஸோட கடைசி சீட்டுல வைக்கிறேன்னாரு. வேணும்னா எழுந்து நடக்கணும்ல? நல்ல யோசனதான். என்ன பண்ணாரு... நடந்தாரு, கடைசி சீட்டுல சாஞ்சு உக்காந்தாரு, மொத்த பாக்கெட்டையும் முடிச்சுட்டுத்தான் எழுந்தாரு! மறு வாரம் அதையும் ஒளிக்காம சொல்லிருக்காரு. அதுக்கும் அந்தம்மாவுக்குக் கோவம் வரல. "சரி, அப்ப எத மாத்தலாம்?"னு கேட்டுக் கேட்டு, பாக்கெட்ட வீட்டுலயே விட்டுட்டு ரெண்டே ரெண்ட டப்பாவுல கொண்டு வர்றேன்னு இவரு வாயாலயே சொல்ல வச்சிருச்சு. நாங்க இருவது வருஷமா கத்தி நடக்காதது சார்.

அப்புறம் நடக்குறது. டீ குடிக்கிறதுக்கு முன்னாடி பஸ்ஸ மூணு சுத்து சுத்தணும். சுத்தலன்னா டீ கெடையாது. எப்படியும் டீ குடிக்காம இருக்க மாட்டாரு, அதனால சுத்தாம இருக்க மாட்டாருன்னு கணக்கு. மத்த டிரைவருங்கல்லாம், "என்னய்யா, இந்த வண்டிய வெலைக்கு வாங்கப் போறியா?"ன்னு ஒரே கிண்டல். இவரு கண்டுக்கல.

சார், கொஞ்சம் திரும்புங்க. இல்ல இல்ல, அளவு எடுத்தாச்சு... இன்னொரு தடவ பாத்துக்கறேன், அவ்வளவுதான்.

எடை மெஷின்ல மட்டும் ஏற மாட்டேன்னுட்டாரு. "நான் என்ன மூட்டையா?" அந்தம்மா அதுக்கும் சரின்னுச்சு. "மெஷின் வேணாம்ணா. ஒரே ஒரு பேன்ட் எடுத்து வைங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ பெல்ட்டு இல்லாம போட்டுப் பாருங்க. லூஸானா நம்ம பண்றது வேல செய்யுது. டைட்டானா வேற வழி யோசிப்போம்." எந்த பேன்ட்டு? நான் தச்ச சாம்பக் கலரு பேன்ட்டு! இங்கதான் சார் அந்தம்மா தப்பு பண்ணிருச்சு. ஒருத்தரோட உடம்பக் கொண்டு வந்து டெய்லர் கையில குடுக்கலாமா?

ஆமா சார், கையில குடுத்த மாதிரிதான். மொத ரெண்டு மாசம் நல்லா லூஸாச்சு. அப்புறம் அவருக்கு ரூட்ட மாத்தினாங்க, லாங் டிரிப்பு. டப்பா போச்சு, சுத்து போச்சு. ஒரு நாள் பேன்ட்டோட வந்தாரு. "மாப்ளே, ஜிப்பு ஏற மாட்டேங்குது, என்னன்னு பாரு." நான் ஜிப்பப் பாத்தேன். வெண்ணெ மாதிரி போகுது சார் ஜிப்பு! அவரு மூஞ்சியப் பாத்தேன். சின்னப் புள்ள ரேங்க் கார்ட நீட்டுற மாதிரி நிக்கிறாரு. ஒடம்பு ஏறிருச்சுன்னு சொல்ல எனக்கு மனசு வரல. "ஆமா மச்சான், ஜிப்புலதான் கோளாறு, வச்சுட்டுப் போங்க"ன்னுட்டேன்.

பின்னாடி தையல்ல நான் எப்பவும் கொஞ்சம் துணி விட்டுத் தைப்பேன். அதப் பிரிச்சு அரை இஞ்சு விட்டேன். அரையே அரை இஞ்சு! மறுநாள் போட்டுப் பாத்துட்டு என்னா சந்தோஷம்! "மாப்ளே, அப்படியே இருக்கேன்டா, ஏறவே இல்ல! அப்ப ரெண்டு பிஸ்கட்டு கூடத் தின்னா தப்பில்ல." இப்படி அஞ்சு தடவ சார். அஞ்சு ஜிப்பு ரிப்பேரு. அந்தம்மாகிட்ட "பேன்ட் அப்படியேதான் இருக்கு"ன்னு சொல்லிட்டே இருந்திருக்காரு. அதுவும் பாவம், நம்பிருச்சு.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி, பஸ்ஸுல நாப்பது பேரு. கண்ணு இருட்டிக்கிட்டு வந்திருக்கு. அந்த நெலமையிலும் வண்டிய ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கப் போட்டுட்டு, அப்புறம்தான் சாஞ்சிருக்காரு மனுஷன். ரத்தத்துல சக்கர எக்கச்சக்கமா ஏறிப் போயிருக்கு. ஆஸ்பத்திரியில உசுருக்குப் பயமில்லன்னு சொல்ற வரைக்கும் நான் அந்த வாசல விட்டு நகரல சார்.

அங்க அவரு துணிமணிய ஒரு பையில போட்டு என் பொண்டாட்டிகிட்ட குடுத்தாங்க. அவ சும்மா இருக்கக்கூடாதா? தொவைக்கிறேன்னு பேன்ட்ட உள்பக்கமாத் திருப்பிருக்கா. பத்து வருஷம் இதே கடையில எனக்குக் காஜா எடுத்து, பட்டன் தச்சுக் குடுத்தவ சார், அவளுக்குத் தையல் தெரியாதா? பழைய ஊசி ஓட்டை வரிசை வரிசையா அஞ்சு. அதக் கொண்டாந்து என் மடியில போட்டா. "இது உன் கைதான?"ன்னா. என்னை எப்பவும் வாங்க போங்கன்னுதான் சொல்லுவா. அன்னிக்குத்தான் மொத தடவையா நீன்னு பேசினா. அண்ணன்கிட்டயும் போட்டு ஒடச்சிட்டா. அதுக்கப்புறம் எங்கிட்ட பேச்சே இல்ல. சாப்பாடு வைக்கிறா, ஆனா தட்டு வைக்கிற சத்தத்துலயே நாலு திட்டு இருக்கு.

மச்சானுக்கு மூணு மாசம் ஸ்டியரிங்கத் தொடக்கூடாதுன்னு டாக்டர் எழுதிட்டாரு. சக்கர எறங்கினாத்தான் லைசென்சு. இப்ப டிப்போ வாசல்ல நின்னு, ரிவர்ஸ் எடுக்குற வண்டிக்கு விசில் ஊதுறாரு. நேத்து பாக்கப் போனேன். திட்டுவாருன்னு பாத்தா திட்டல. விசில வாயிலேருந்து எடுத்துட்டு, "ஒரு தடவ சொல்லிருக்கலாமே மாப்ளே"ன்னாரு. அதோட வண்டி வந்துருச்சு, ஊதப் போயிட்டாரு. அறைஞ்சிருந்தாக்கூட ஆறிருக்கும் சார்.

மச்சான் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டு, இன்னிக்குக் காலையில அந்தம்மா கடைக்கே வந்துருச்சு. நான் சண்டைக்கு ரெடியாத்தான் இருந்தேன். "ஏம்மா, பேன்ட்ட நம்பச் சொன்னது யாரு?"ன்னு மொதல்லயே எகிறிட்டேன். அது ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்து, "ஆமாண்ணா, வேற எதையும் சேத்துப் பாக்காதது என் தப்புதான். நீங்க ஏன் அப்படிப் பண்ணீங்க?"ன்னு கேட்டுச்சு. அது தப்ப அது ஒத்துக்கிச்சுன்னா நான் எங்க சார் போறது? "அவரு மூஞ்சி வாடுறதப் பாக்க முடியலம்மா"ன்னேன். அப்பவும் கோச்சுக்கல. "சரி, இந்த வாரம் உங்களால முடிஞ்ச சின்ன விஷயம் ஒண்ணு சொல்லுங்க"ன்னுச்சு. எங்கிட்டயே! நானும் வாய் தவறி, "வர்றவங்ககிட்ட உண்மையான அளவச் சொல்றேன்"னு சொல்லித் தொலச்சிட்டேன். சின்ன விஷயமாம்! இதுவா சின்னது?

அதான் சார் இவ்வளவு நேரமா டேப்பப் புடிச்சுக்கிட்டு ஒளறிட்டு இருக்கேன். என் நோட்டுல உங்களுக்கு நேரா முப்பத்தாறுன்னு இருக்கு. ஏழு வருஷமா அதேதான். நீங்க ஆபீஸ்ல, "கல்யாணத்தன்னிக்கு இருந்த சைஸு, இன்னிக்கும் மாறல"ன்னு பெருமையாச் சொல்றதா உங்க மேனேஜரே இங்க வந்து சொன்னாரு. எழுதுறது முப்பத்தாறு சார்... வெட்டுறது வேற. நீங்க ரெண்டு தடவ ஜிப்புன்னு கொண்டாந்தீங்களே, அதுவும் ஜிப்பு இல்ல.

நம்பிக்க இல்லன்னா நீங்களே குனிஞ்சு டேப்பப் பாருங்க. தெரியலையா? தொப்ப மறைக்குதா... அட, சிரிக்கல சார், சத்தியமா சிரிக்கல. எங்க கெளம்பிட்டீங்க? துணிய ஏன் எடுக்குறீங்க? எதிர் கடைக்காரன் சொல்ல மாட்டான் சார், அவனும் பிரிச்சுத்தான் விடுவான்! கொஞ்சம் நில்லுங்க, ஒரே ஒரு வார்த்த... படி, படி பாத்து...

சார்! நாப்பத்தொண்ணு சார்! காதுல விழுதா? நாப்பத்தொண்ணு!