மூலையில் ஒரு வெள்ளை

கிளிநொச்சி
12-08-1962

பொலிஸ் இன்ஸ்பெக்டர் பரமலிங்கம் ஐயா அவர்களுக்கு,

உங்கள் வீட்டுக் கிணற்றடியில் வளரும் ஆமையைக் கிட்டத்தில் வைத்துப் படமெடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்று நேற்று என் ஸ்ரூடியோவுக்கு வந்து கேட்டீர்கள். ஆட்கள் நின்றதால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. சுவரில் மாட்டியிருக்கும் பாம்புப் படத்தைக் காட்டி, அதன் கீழ்மூலையில் மங்கலாகத் தெரியும் வெள்ளை லென்ஸின் பிழையோ என்றும் கேட்டீர்கள். இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கிட்டத்துப் படத்துக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று நீட்டு லென்ஸ். நாலடி தள்ளி நின்றே எடுக்கலாம். மற்றது, சாதாரண லென்ஸுக்கும் கமராவுக்கும் நடுவே வளையங்களை மாட்டுவது. வளையம் கூடக்கூட உருவம் பெரிதாகும். ஆனால் கமரா ஒரு சாண் தூரத்துக்குப் போகவேண்டும், வெளிச்சமும் குறைந்துவிடும். குறைகிற வெளிச்சத்தை ஒரு வெள்ளைக் கடதாசி மட்டையைப் பிடித்துத் திருப்பி விழுத்தவேண்டும். அதற்கு இன்னொருவரின் கை தேவை. என்னிடம் இரண்டு வசதியும் இருந்தன. நீட்டு லென்ஸில் செதில்கள் மெழுகு பூசியதுபோல வரும், எனக்கு அது பிடிப்பதில்லை. அதனால் அது அலுமாரியிலேயே கிடந்தது.

என் தொழில் கல்யாணப் படமும் பாஸ்போட் படமும். கமராவைக் கண்டதும் மனிதர்கள் முகத்தை மாற்றிக்கொள்வார்கள். ஓணானும் உடும்பும் அப்படிச் செய்வதில்லை. கண்டாவளையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பெட்டிகள் அடித்து அவற்றை வளர்த்தேன். என் மனைவி பத்மாசனிதான் வெட்டுக்கிளி பிடித்துப் போடுவாள், மட்டையும் பிடிப்பாள். பயந்த பெண் அல்ல என்று ஊரில் சொல்வார்கள். என்னை நம்பியதால் பயப்படவில்லை என்பதே சரி.

சென்ற வருடம் மாசி மாதம் வயலில் நெற்சூடு மிதிக்கும்போது, வைக்கோலுக்குள் ஒரு கண்ணாடிவிரியன் கிடந்தது. இங்கே அதைப் புடையன் என்பார்கள். அயல் காணிக்கார வீரகத்தி தடியை ஓங்கினார்.

“அடியாதேங்கோ அண்ணை. பத்மாசனிக்கு நாலு மாசம்,” என்றேன்.

தடி கீழே வந்தது. மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது புருசன் உயிரைக் கொல்லக்கூடாது, கண்முன்னே கொல்ல விடவும் கூடாது என்ற வழக்கம் உங்களுக்கும் தெரியும். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் அன்று அது உதவியது. பாம்பைச் சாக்கில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

“ஐயோ, புடையனை ஆரும் வீட்டுக்கை கொண்டுவருவினமே?” என்றாள் பத்மாசனி.

“பல்லைப் புடுங்கிப்போட்டன். இனி அது சாரை மாதிரித்தான்.”

நான் பிடுங்கவில்லை. பிடுங்கினால் வாய் வீங்கிப் புண்ணாகும். அப்படிப்பட்ட வாயைப் படமெடுத்து என்ன பயன்? உண்மையைச் சொன்னால் அவள் மட்டையைப் பிடிக்க வரமாட்டாள். இதில் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

சுருண்டு கிடக்கிற பாம்பை யாரும் எடுக்கலாம். எனக்கு வாய் திறந்த படம் வேண்டியிருந்தது. குச்சியால் தட்டிப் பார்த்தேன். முதல் இரண்டு நாள் சீறிக் கொத்தியது. பிறகு குச்சிக்குப் பழகிவிட்டது. மூன்று கிழமை பார்த்தேன். உயிருள்ள ஏதாவது கிட்டப் போனால் மட்டுமே அது அசைந்தது.

அன்று காலை ஒன்பது மணிக்கு வெயில் நன்றாக இருந்தது. கண்ணாடி மினுங்கும் என்பதால் பெட்டியின் முன்கண்ணாடியைக் கழற்றினேன். கமராவை முக்காலியில் ஒரு சாண் தூரத்தில் நிறுத்தி, அமுக்கினால் படம் விழும் மூன்றடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். பத்மாசனி பலகையைப் போட்டு மெல்ல உட்கார்ந்தாள்.

“மட்டையைத் தடியிலை கட்டிப் பிடிக்கட்டே?”

“ஆடும். கையாலை பிடியும்.”

பிடித்தாள். கொஞ்சம் கிட்ட என்றேன். கொண்டுபோனாள். இன்னும் கொஞ்சம் கிட்ட என்றேன். அதற்கும் கொண்டுபோனாள். பாம்பின் கழுத்து பின்னுக்கு இழுபட்டது. கம்பியை அமுக்கினேன்.

அவள் கையை உதறிவிட்டு விரலைப் பார்த்தாள். “பல்லில்லாட்டிலும் கீறிப்போட்டுது,” என்று சிரித்தாள். பிறகு, “படம் வந்ததோ?” என்றாள்.

“ஓம்.”

பிலிமில் இன்னும் ஐந்து படம் இருந்தது. மட்டையில் இரத்தம் பட்டிருந்ததால் வேறு மட்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் மறுபடியும் பிடித்தாள். ஐந்தையும் எடுத்து முடித்தேன். அவை ஒன்றும் சரிவரவில்லை.

பதினொரு மணிக்குக் கை முழங்கை வரைக்கும் வீங்கியது. விஷகடி பார்க்கும் ஏரம்புவிடம் சைக்கிளில் போனேன். அவர் கடிபட்டவரைப் பார்க்க முதலே, செய்தி கொண்டுவந்தவரின் வாய்ச்சொல்லை வைத்துத்தான் மருந்து தீர்மானிப்பார்.

“என்ன பாம்பு தம்பி?”

“புடையன். பல்லுப் புடுங்கினது.”

“அப்ப பயப்பிடாதை,” என்று வீக்கத்துக்கு மட்டும் பச்சிலை தந்தார். பல் உள்ளது என்று சொல்லியிருந்தால், காரைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று விரட்டியிருப்பார். பல பேரை அப்படி விரட்டியிருக்கிறார். ஆனால் வீட்டில் ஒன்று, வெளியில் ஒன்று என்று சொல்லித் திரிவது எனக்குப் பழக்கமில்லை.

மூன்றாம் நாள் விடியும்போது பத்மாசனி இறந்தாள். பிள்ளையும் அவளோடு போயிற்று. அதற்கு முந்தின நாள் பின்னேரம்கூடத் தன் தாயிடம், “பல்லில்லாதது அம்மா, அழாதேங்கோ,” என்று ஆறுதல் சொன்னாள். நான் கதிரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. ஏன் என்று தெரியாது.

மரண விசாரணைக்கு வந்தவர், பிடுங்கிய பல் திரும்ப முளைத்திருக்கும் என்று எழுதினார். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

செத்தவீடு முடிந்த அன்று வீரகத்தி தடியோடு வந்தார். “இனி என்ன தம்பி, அடிக்கலாம்தானே?” என்று கேட்டார். ஓம் என்றேன். இனித் தடை ஒன்றும் இல்லையே. ஒரே அடியில் அது செத்தது.

படத்தை அன்றிலிருந்து கடையில் மாட்டியிருக்கிறேன். ஏரம்பு பார்த்தார். அவளுடைய தாயும் வந்து நின்று பார்த்தா. பாம்பின் இரண்டு பல்லும் தெளிவாகத் தெரிகின்றன. மூன்று கிழமையில் முளைத்த பல் அந்த அளவு இருக்காது. அவர்கள் யாரும் பல்லைப் பற்றிக் கேட்கவில்லை. நீங்கள்தான் படத்தைச் சரியாகப் பார்த்து ஒரு கேள்வி கேட்டீர்கள். ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன்: பல் இருக்கிறதென்று தெரிந்தே அவளுடைய கையைக் கிட்டக் கொண்டுபோகச் சொன்னேன். அவளைக் கொன்றது நான்தான். நாளை கடை திறந்திருக்கும், வரலாம்.

உங்கள் ஆமைக்கு வளையங்களே போதும். ஆமை அசையாமல் இருக்கும். உங்கள் வீட்டம்மாவையே மட்டை பிடிக்கச் சொல்லலாம்.

மூலையில் தெரியும் வெள்ளை பத்மாசனியின் பெருவிரல் நகம். ஒரு சாண் தூரத்தில் எடுக்கும்போது மயிரிழை அளவு இடம்தான் தெளிவாக விழும். லென்ஸில் பிழை இல்லை ஐயா. நான் சொன்ன இடத்தில் கையை ஆடாமல் வைத்திருந்தாளென்றால் நகமும் தெளிவாக வந்திருக்கும்.

இப்படிக்கு,
சி. தில்லைநாதன்