பேன்ட் பொய் சொல்லாது

படி ஏறினா ஏறட்டும், யாரு வேணாங்கறா, அதுக்குன்னு அந்தக் கைப்பிடிய இந்தத் தட்டு தட்டணுமா... நீங்க அசையாதீங்க தம்பி, கோட்டு முழுக்கக் குண்டூசி. அந்தச் சத்தமா? கட்டடம் ஒண்ணும் இடியல. என் வீட்டுக்காரர்தான். மொட்டை மாடி வரைக்கும் போய்ட்டு வருவார். கைய மட்டும் தூக்குங்க.

போன வருஷம் டாக்டர் இவர் நெஞ்சுல குழாய வச்சுப் பாத்தவர், ரொம்ப நேரம் எடுக்கவே இல்ல. அப்புறம், இந்த வயித்தக் குறைக்கலன்னா நெஞ்சு தாங்காதுன்னுட்டார். அன்னிக்கு ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்ல. இவர் நல்லாக் குறட்டை விட்டார், அது வேற விஷயம்.

விடிஞ்சதும் சொல்றார், ஒரேயடியா ஓடினா ரெண்டு நாள்ல படுத்துருவேன், தினம் செய்யற வேலையோட சேத்துத் தைச்சுட்டா பிரியாதுன்னு. என்னன்னு கேட்டா, இஸ்திரிப் பெட்டி சூடாகற வரைக்கும் சும்மாதானே நிக்கறேன், அந்த நேரத்துல படி ஏறறேங்கறார். மொதல்ல ஒரு மாடி. திரும்பி வந்து அந்த ஸ்டூல்ல உக்காந்து வாங்கின மூச்சுல என் துண்டுத்துணியெல்லாம் பறந்துச்சு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, இப்ப மொட்டை மாடி. நடுவுல ஒருத்தரோட சட்டைக் காலர் கருகிப் போச்சு. பெட்டி சூடான பிறகும் மனுஷன் எறங்கி வந்தாத்தானே? இதுல, சூடா இருக்கற பெட்டிய வேணும்னே அணைச்சுட்டு மறுபடி ஏறப் போவார். கரண்டு பில்லு கட்டறது நானு.

திரும்புங்க... மெதுவா.

இவ்வளவு கூத்தும் பண்ணிட்டு, நேத்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்துட்டார். எல்லாம் வீண்டி, ஒரு நூல் கூடக் குறையலங்கறார். எப்படித் தெரியும்னேன். இந்த பேன்ட் அன்னிக்கு எப்படிப் பிடிச்சுதோ அப்படியேதான் இன்னிக்கும் பிடிக்குதுன்னார். கழுத்துல டேப்பு தொங்குதே, அளந்து பாக்கக் கூடாதா? மாட்டார். டேப்ப இழுத்துப் பிடிச்சா நம்ம இஷ்டத்துக்குப் பேசும், பேன்ட் பொய் சொல்லாதுங்கறார். எடை மெஷின்னா பயம். இன்னிக்கு எறங்கி வந்து பேன்ட் போடும்போதும் இப்படியே இருந்தா நாளையிலேருந்து படியேறறதே கிடையாதாம். சொன்னாச் சொன்னதுதான், பிடிவாதம்.

தம்பி, திட்டறேனே தவிர, காலைல அந்தத் தட்டுற சத்தம் கேட்டாத்தான் எனக்கே மிஷின்ல கால் ஓடும். இன்னும் இருக்கார், நல்லா இருக்கார்னு ஒரு தெம்பு. அது நின்னுபோச்சுன்னா...

சரி விடுங்க. எதையும் விடாமச் செய்யணும்னா என்னைப் பாத்துக் கத்துக்கணும். நான் இவர மாதிரி தம்பட்டம் அடிக்கறதில்ல. தையல்காரர் தொளதொளன்னு பேன்ட் போட்டுக்கிட்டு நின்னா கடைக்கு என்ன மரியாதை சொல்லுங்க? அரை டிராயர மாட்டிக்கிட்டு அவர் அந்தப் பக்கம் படியேறப் போவார், இந்தப் பக்கம் நான் கொக்கிலேருந்து பேன்ட எடுப்பேன். பின்பக்கத் தையல்ல விரல விட்டுப் பாப்பேன். கொஞ்சம் தளர்ந்திருந்தா லேசா உள்ள பிடிச்சு ஒரு ஓட்டு ஓட்டிருவேன். அவருக்கே தெரியாது. எறங்கி வரும்போது கச்சிதமா...

என்ன தம்பி, கண்ணாடில அப்படிப் பாக்கறீங்க? எது? ஆமா, நான்தான் பிடிக்கறேன். பின்ன வேற யாரு, பக்கத்துக் கடைக்காரியா... மாசக்கணக்கா நான்தான்...

ஐயையோ.

அந்தக் கத்திய எடுங்க. அதில்ல, அந்தச் சின்னது, தையல் பிரிக்கறது. நீங்க அசையலாம், பரவால்ல, ஊசி கிடக்கட்டும். இன்னிக்குப் போட்ட தையல் இது... இது நேத்து... இதுக்குள்ள இன்னொண்ணு. அடிப்பாவி, எவ்வளவு துணிய உள்ள மடிச்சு வச்சிருக்கேன் பாருங்க. இதுல ஒரு தலகாணி உறையே தைக்கலாம்.

காலடி கேக்குது. தம்பி, வாசல்ல போய் நில்லுங்க. கோட்டோடதான், போங்க. அவர்கிட்ட இஸ்திரிப் பெட்டி பத்தி ஏதாவது கேளுங்க. ஒரு வார்த்த கேட்டாப் போதும், என்னை விட அதிகமாப் பேசுவார்.

...

வாங்க, வாங்க. இந்தாங்க உங்க பேன்ட், இப்பதான் தேச்சேன். தடுப்புக்குப் பின்னாடி போய்ப் போடுங்க.

தம்பி, சிரிச்சீங்கன்னா உங்க கோட்டுல கையே தைக்க மாட்டேன்.

என்னங்க? போட்டாச்சா? வெளில வாங்க பாப்போம்... அட, ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு வர்றீங்க. எனக்கென்ன தெரியும், பேன்ட் பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொல்வீங்க.

என்னது, இடுப்புல கொஞ்சம் பிடிச்சுத் தரணுமா?

சாமி, நான் மாட்டேன். பெல்ட் போட்டுக்கங்க.